கோப்பெனிக் பக்கம் வாடகைக்கு வீடு: எல்லாரும் கேக்குற கேள்விகள்

பெர்லின்ல ட்ரெப்டோ-கோப்பெனிக் மாவட்டத்துல நாங்க குடிவந்து ஏழு வருஷம் ஆகுது. வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது "உங்க ஏரியா பக்கம் வீடு பாக்குறோம் அக்கா"ன்னு போன் பண்ணுவாங்க, பாதிப் பேரு ஆட்லர்ஸ்ஹோஃப்ல வேல கெடச்சு வர்றவங்க, மீதி பேரு சிட்டிக்குள்ள ரெண்டு ரூம்ல குழந்தைய வச்சுக்கிட்டு முடியாம வெளிய வரணும்னு நெனைக்கிறவங்க. கேக்குறது எல்லாம் அதே கேள்வி. போன்ல ஒவ்வொரு வாட்டியும் சொல்லி வாய் வலிக்குது, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில எழுதி வச்சுட்டேன்.

அக்கா அது பெர்லின்தானா, இல்ல பக்கத்து ஊரா? மேப்ல பாத்தா வெறும் பச்சையா இருக்கு?

பெர்லின்தான். 12 மாவட்டத்துல பரப்பளவுல இதுதான் பெருசு, கிட்டத்தட்ட 168 சதுர கிலோமீட்டர். அந்த பச்சை எல்லாம் காடு, நடுவுல பெரிய நீலம் ம்யூகல்சே, பெர்லின்லயே பெரிய ஏரி. பாதிக்கு மேல காடும் தண்ணியும்தான், மிச்சம் இருக்குற எடத்துல மனுஷங்க.

ஒண்ணு கவனிங்க, 2001லதான் ட்ரெப்டோவையும் கோப்பெனிக்கையும் ஒண்ணா சேத்தாங்க. அதனால விளம்பரத்துல மாவட்டம் பேர் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஆல்ட்-ட்ரெப்டோன்னா க்ராய்ஸ்பெர்க்க ஒட்டி இருக்கு, சுத்தமா சிட்டி. ஷ்மோக்விட்ஸ்னா கிராமம் மாதிரி, ராத்திரி ஆந்தை கத்தும். ரெண்டும் ஒரே மாவட்டம்.

குழந்தைங்க இருக்குறவங்களுக்கு எந்த பக்கம் நல்லது?

என்னைக் கேட்டா ஃப்ரீட்ரிக்ஸ்ஹாகன், ஏன்னா நான் அங்க பக்கத்துல இருக்கேன், அதனால கொஞ்சம் தள்ளுபடி பண்ணி படிங்க. எஸ்-பான்ங்கற லோக்கல் ட்ரெயின் ஸ்டேஷன்ல எறங்கினா பொல்ஷே தெருன்னு நீளமா ஒரு கடைத்தெரு, அது நேரா போய் முடியுற எடத்துல ஏரி. அங்க ஸ்ப்ரே ஆத்துக்கு அடியில 1927ல கட்டின ஒரு சின்ன சுரங்கப்பாதை இருக்கு, நடந்து போறவங்களுக்கு, படி எறங்கி அந்தப் பக்கம் ஏறினா காடு. என் பையன் அதுக்குள்ள போனா கத்தாம வெளிய வந்ததே இல்ல, எதிரொலி கேக்கணுமாம்.

ஆட்லர்ஸ்ஹோஃப் வேலைக்கு வர்றவங்களுக்கு வசதி, ஹம்போல்ட் யுனிவர்சிட்டியோட சயின்ஸ் டிபார்ட்மென்ட் எல்லாம் அங்கதான், புது பில்டிங் நெறைய, ஆனா மரம் இன்னும் வளரணும். போன்ஸ்டோர்ஃப்ல ப்ரூனோ டவுட்னு ஒரு ஆர்க்கிடெக்ட் 1913ல ஆரம்பிச்சு கட்டின ஃபால்கன்பெர்க் குடியிருப்பு இருக்கு, ஒவ்வொரு வீடும் ஒரு கலர், 2008ல இருந்து யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு. அங்க வீடு காலியாகறது அபூர்வம், ஞாயித்துக்கெழம வாக்கிங் போய் பாத்துட்டு வரலாம். ம்யூகல்ஹைம் ரொம்ப அழகு, ஆனா பஸ் மட்டும்தான். கார் இல்லன்னா வேணாம்.

சிட்டிக்கு போக எவ்ளோ நேரம் ஆகும்? டெய்லி போய்ட்டு வர முடியுமா?

எஸ்3 ட்ரெயின்தான் நம்ம உயிர்நாடி. கோப்பெனிக்ல ஏறினா, ட்ரெயின் மாறுற பெரிய ஸ்டேஷன் ஆஸ்ட்க்ராய்ஸுக்கு கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட, சிட்டி நடுவுல இருக்குற அலெக்ஸாண்டர்ப்ளாட்ஸுக்கு அரை மணி நேரம்னு வச்சுக்குங்க. இது ட்ரெயின் ஓடுற அன்னிக்கு கணக்கு. வேல நடக்குதுன்னு ட்ரெயின நிறுத்திட்டு பதிலுக்கு பஸ் விடுவாங்க, அன்னிக்கு ஒரு மணி நேரம். வீட்டுக்கு பக்கத்துல ட்ராம் இருக்கான்னும் பாருங்க, எஸ்-பான் படுத்தாலும் ட்ராம் ஓடும்.

டிக்கெட் விஷயத்துல கோப்பெனிக் முழுக்க பி ஸோன், ஏபி டிக்கெட் போதும். ஏர்போர்ட்டும் பக்கத்து ஊரு எர்க்னரும் சி ஸோன். ஜெர்மனி முழுக்க செல்லுற டாய்ச்லாண்ட்டிக்கெட் வாங்கிட்டா இந்தக் கவலையே இல்ல, 2023ல 49 யூரோவுக்கு ஆரம்பிச்சாங்க, 2026 ஜனவரில இருந்து 63. அதே டிக்கெட்ல க்ரூனாவ்ல இருந்து வென்டன்ஷ்லாஸுக்கு படகுலயும் போகலாம், எஃப்12ன்னு பேரு. ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு காசு செலவில்லாம போட்டிங் காட்டணும்னா இதுதான். அப்புறம் 68 ட்ராம், காட்டையும் தண்ணியையும் ஒட்டியே கடைசி வரைக்கும் போகும்.

"2 ஸிம்மர்"னு போட்டுருக்காங்க, நம்ம ஊரு டூ பெட்ரூம்தானே?

இல்ல. இங்க ஹாலும் ஒரு ரூம்தான் கணக்குல. 2 ஸிம்மர்னா ஒரு ஹால், ஒரு பெட்ரூம். நம்ம டூ பிஎச்கே வேணும்னா 3 ஸிம்மர் தேடணும். கிச்சன், பாத்ரூம் கணக்குல வராது. தெரியாம பார்க்க போய் அலையாதீங்க.

கால்ட், வார்ம்னு ரெண்டு வாடகை போட்டுருக்கே, எதை நம்பறது?

கால்ட்மீட்டே வெறும் இடத்துக்கு. வார்ம்மீட்டேன்னா அதோட ஹீட்டிங், தண்ணி, குப்பை, மாடிப்படி க்ளீனிங் எல்லாம் சேந்தது. மாசம் நீங்க கட்டப்போறது வார்ம். அதுலயும் கரண்ட்டும் இன்டர்நெட்டும் வராது, அது நீங்களே தனியா போட்டுக்கணும். அப்புறம் டிவி இருக்கோ இல்லையோ ரேடியோ-டிவி கட்டணம் வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ, லெட்டர் வரும்போது ஸ்கேம்னு தூக்கி போட்றாதீங்க, நெஜமாவே கட்டணும். என் வீட்டுக்காரர் மூணு லெட்டர குப்பையில போட்டாரு.

வீடு கேக்க என்னென்ன பேப்பர் வேணும்?

பாஸ்போர்ட், விசா காப்பி, கடைசி மூணு மாச சம்பள ஸ்லிப், இல்லன்னா வேல கான்ட்ராக்ட், ஷூஃபா ரிப்போர்ட், அதாவது நீங்க கடன் ஒழுங்கா கட்டுறவங்களான்னு காட்டுற பேப்பர். முன்னாடி இருந்த வீட்டுல பாக்கி இல்லன்னு ஓனர் குடுத்த லெட்டர் இருந்தா நல்லது. எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா போட்டு போன்ல வச்சுக்குங்க. இங்க வீடு கெடைக்கிறது அதிர்ஷ்டம் பாதி, அந்த பிடிஎஃப் பாதி. வீட்டைப் பாத்துட்டு படி எறங்கும்போதே அனுப்பினவங்களுக்குத்தான் எங்க பில்டிங்ல ரெண்டு வீடு போச்சு.

நாங்க போன மாசம்தான் வந்தோம், ஷூஃபா எங்கருந்து வரும்? வீட்டு அட்ரஸ் இருந்தாத்தான் பேங்க் அக்கவுண்டாம், அதெல்லாம் இருந்தாத்தான் வீடாம், என்ன கொடும இது?

கோப்பெனிக் டவுன்ஹால் வாசல்ல மிலிட்டரி யூனிஃபார்ம்ல ஒரு ஆளு சிலை நிக்கும், வில்ஹெல்ம் ஃபாய்க்ட். செருப்பு தைக்கிறவரு, ஜெயிலுக்கு போய்ட்டு வந்தவரு. பெர்லின்ல இருக்கக்கூடாதுன்னு போலீஸ் தொரத்திவிட்டுருச்சு. 1906ல பழைய யூனிஃபார்ம் வாங்கி மாட்டிக்கிட்டு, ரோட்ல போன சிப்பாய்ங்கள கூட்டிக்கிட்டு போய் மேயரையே அரெஸ்ட் பண்ணி கஜானாவ தூக்கிட்டாரு. பாஸ்போர்ட் எடுக்கத்தான் வந்தேன்னு பின்னாடி சொன்னாராம். ஆக உங்க கஷ்டம் இந்த ஊருக்கு புதுசு இல்ல.

யூனிஃபார்ம் எல்லாம் வேணாம், வழி இருக்கு. முதல்ல மூணு இல்ல ஆறு மாசத்துக்கு ஃபர்னிஷ்டு வீடு எடுங்க, வாடகை ஜாஸ்திதான், ஆனா அட்ரஸ் பதியலாம்னு எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க, இது முக்கியம், பதிய விடாத வீடு அரை விலைக்கு வந்தாலும் வேணாம். குடியேறி 14 நாளுக்குள்ள அன்மெல்டுங், அதாவது அட்ரஸ் பதிவு பண்ணணும், அதுக்கு நீங்க அங்க குடியேறிட்டீங்கன்னு ஓனர் கையெழுத்து போட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்னு ஒரு தாள் வேணும், பேர சொல்லி முடிக்கறதுக்குள்ள அப்பாயின்மென்ட் முடிஞ்சுரும். பெர்லின்ல எந்த ப்யூர்கர்ஆம்ட்லயும், அதாவது இந்தப் பதிவு நடக்குற அரசு ஆபீஸ்லயும் பதியலாம், நம்ம மாவட்டத்துலதான்னு இல்ல. ஷூஃபா இல்லன்னா வேல கான்ட்ராக்டும் கம்பெனி எச்ஆர் லெட்டரும் காட்டுங்க, ஆட்லர்ஸ்ஹோஃப் பக்கம் இருக்குற ஓனர்களுக்கு இது பழகிப்போச்சு.

எங்க தேடணும்? அறுபது மெசேஜ் போட்டாச்சு, ஒரு பதில் இல்ல.

இம்மோஸ்கவுட், க்ளைன்அன்ஸைகன் ரெண்டு வெப்சைட்டும் எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் பதில் வரல. நெறைய பேர் கவனிக்காம விடுறது அரசாங்க வீட்டுக் கம்பெனிங்கள. டெகேவோ, ஷ்டாட் உன்ட் லாண்ட், ஹோவோகேன்னு பெர்லின் அரசுக்கு சொந்தமா ஆறு இருக்கு, எல்லாத்தோட காலி வீடும் இன்பெர்லின்வோனன்னு ஒரே தளத்துல வரும். வாடகை கம்மி. சில வீட்டுக்கு வேபெஎஸ்னு வருமான சான்றிதழ் கேப்பாங்க, குடும்பம் பெருசா இருந்தா வரம்பும் ஏறும், நமக்கு வராதுன்னு நீங்களா முடிவு பண்ணாம கணக்கு போட்டு பாருங்க.

மெசேஜ் ஜெர்மன்ல போடுங்க, சின்னதா. யாரு, எத்தன பேரு, என்ன வேல, எப்ப வரலாம், பேப்பர் ரெடி. அவ்ளோதான். ஒரு தம்பி ஒரு பக்கத்துக்கு எழுதிருந்தான், சின்ன வயசுல இருந்தே இயற்கை புடிக்குமாம். வீடு பாக்க போனா மாடிப்படி பூரா வரிசை நிக்கும், பயந்துறாதீங்க, பாதிப்பேரு பேப்பர் இல்லாமதான் நிக்கறாங்க.

ஓனர் லண்டன்ல இருக்காராம், டெபாசிட் போட்டா சாவிய கொரியர்ல அனுப்புவாராம், போடலாமா?

போடாதீங்க. ஏரிய பாத்த வீடு, மூணு ரூம், அடிமாட்டு வாடகைன்னா அது வீடே இல்ல, யாரோ எங்கயோ எடுத்த போட்டோ. உள்ள போய் பாக்காம, கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடாம ஒரு சென்ட் போகக்கூடாது. ப்ரோக்கர்னு சொல்லி கமிஷன் கேட்டாலும், 2015ல இருந்து யாரு ப்ரோக்கர வச்சாங்களோ அவங்கதான் குடுக்கணும். ஓனர் வச்சா ஓனர்.

டெபாசிட் நம்ம பெங்களூர் மாதிரி பத்து மாசமா?

சந்தோஷமான செய்தி, சட்டப்படி அதிகபட்சம் மூணு மாச கால்ட்மீட்டே. கால்ட் 1000னா 3000க்கு மேல கேக்க முடியாது. அதையும் மூணு மாசமா பிரிச்சு கட்டலாம், முதல் தவணை வாடகை ஆரம்பிக்கும்போது. திரும்பி வர்றதுதான் லேட் ஆகும், அதுக்கு சாவி வாங்குற அன்னிக்கே சுவரு, தரை, ஜன்னல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, ஒப்படைப்பு பேப்பர்ல ஒவ்வொரு கீறலும் எழுதச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க.

வீடு பாத்தோம் அக்கா, கிச்சன்ல வெறும் பைப் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு! லைட் கூட இல்ல!

ஆமா, அப்படித்தான். நெறைய வீட்டுல சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் போறவங்க கழட்டிட்டு போயிருவாங்க. விளம்பரத்துல ஈபிகேன்னு இருந்தாத்தான் கிச்சன் உண்டு. சில சமயம் முன்னாடி இருந்தவங்க "கிச்சன விட்டுட்டு போறேன், இவ்ளோ குடு"ன்னு கேப்பாங்க, பேரம் பேசலாம், பழைய அடுப்புக்கு புது அடுப்பு விலை குடுக்காதீங்க. முதல் ராத்திரிக்கு ஒரு டேபிள் லாம்ப் எடுத்துட்டு போங்க. நாங்க மொபைல் டார்ச்ல பால் காய்ச்சினோம், அதுவும் எலக்ட்ரிக் கெட்டில்ல.

வாடகை ரொம்ப ஜாஸ்தியா தோணுது, கேள்வி கேக்க முடியுமா?

முடியும். 2015ல இருந்து பெர்லின்ல வாடகை ப்ரேக் சட்டம் இருக்கு, புதுசா குடுக்குற வீட்டுக்கு அந்த ஏரியா வழக்கமான வாடகையவிட 10 சதவீதத்துக்கு மேல வைக்கக்கூடாது. ஆனா 2014 அக்டோபருக்கு அப்புறம் முதல் தடவையா குடியேறின புது வீட்டுக்கு இது செல்லாது, நம்ம பக்கம் புது பில்டிங் நெறையங்கறதால முதல்ல கட்டின வருஷத்த பாருங்க. இன்னொண்ணு, முன்னாடி இருந்தவரே அவ்ளோ குடுத்துட்டு இருந்தார்னா அதையே தொடர்ந்து கேக்க ஓனருக்கு உரிமை உண்டு.

பழைய ஆளுங்க "வாடகைக்கு உச்சவரம்பு இருக்கே"ன்னு சொல்லுவாங்க, அது வேற சட்டம், 2021 ஏப்ரல்ல கோர்ட் செல்லாதுன்னு சொல்லிருச்சு. கான்ட்ராக்ட்ல ஷ்டாஃபல்மீட்டே, இன்டெக்ஸ்மீட்டேன்னு வார்த்தை இருக்கான்னும் பாருங்க, முதல்ல சொன்னது வருஷா வருஷம் படி மாதிரி ஏறும், ரெண்டாவது விலைவாசியோட ஏறும். சந்தேகம்னா வாடகைதாரர் சங்கத்துல சேந்துருங்க, சந்தா கட்டினா வக்கீல் கான்ட்ராக்ட பாத்து சொல்லுவாரு.

தாளிச்சா பிரச்சனை பண்ணுவாங்களா?

மனுஷங்க பண்ணல, மெஷின் பண்ணுச்சு. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல இருக்குற வழியில ஸ்மோக் அலாரம் கட்டாயம் இருக்கும், காஞ்ச மிளகாய் கமறினா அலறும். முதல் பொங்கலுக்கு எங்க வீட்டுல அலறி, கீழ்வீட்டு தாத்தா செருப்பு கூட போடாம மேல ஓடி வந்தாரு, அப்புறம் ஒரு தட்டுல சக்கரைப் பொங்கல் வாங்கிட்டு போனாரு. கிச்சன் கதவ சாத்திட்டு ஜன்னல தொறந்து வச்சு தாளிங்க.

உண்மையான வில்லன் பூஞ்சை. சாதம் வடிக்கிறோம், இட்லி வேக வைக்கிறோம், துணிய உள்ளயே காயப்போடுறோம், அந்த ஈரம் எல்லாம் குளிர்காலத்துல சில்லுனு இருக்குற வெளிச்சுவத்துல போய் உக்காந்து கருப்பா புள்ளி வைக்கும். ஓனர் உங்க மேல பழி போடுவாரு. ஜன்னல சாய்ச்சு வச்சா பத்தாது, தெனம் ரெண்டு மூணு தடவ முழுசா தொறந்து அஞ்சு பத்து நிமிஷம் விட்டு மூடணும், மைனஸ் அஞ்சா இருந்தாலும். பீரோவ வெளிச்சுவரோட ஒட்டி வைக்காதீங்க. எங்க பட்டுப்புடவை ரெண்டு இப்படித்தான் போச்சு.

வார்ம் வாடகை ஒழுங்கா கட்டிட்டு இருக்கோம், திடீர்னு ஒரு பில் வந்துருக்கு, ஏமாத்துறாங்களா?

வார்ம்ல கூட சேத்து கட்டினோம்னு மேல சொன்னேன்ல, ஹீட்டிங், தண்ணி, அது வெறும் அட்வான்ஸ். வருஷம் ஒரு தடவ கணக்கு பாத்து கூட ஆகிருந்தா கேப்பாங்க, கம்மின்னா திருப்பி தருவாங்க. கணக்கு வருஷம் முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள பில் வரணும், அதுக்கப்புறம் கூடுதல் காசு கேக்க முடியாது, தேதிய முதல்ல பாருங்க. பில்லோட ஆதாரத்தையும் காட்டச் சொல்லி கேக்கலாம். எங்களுக்கு முதல் வருஷம் ரொம்பவே வந்துச்சு, ஏன்னா ஹீட்டர அஞ்சுல வச்சுட்டு ஜன்னல சாய்ச்சு வச்சு தூங்கினோம்.

கீட்டா, ஸ்கூல் எல்லாம் எப்படி?

கீட்டான்னா ஸ்கூலுக்கு முன்னாடி சின்னப் பசங்கள விடுற எடம், 2018ல இருந்து பெர்லின்ல அதுக்கு ஃபீஸ் இல்ல, சாப்பாட்டுக்கு மட்டும் மாசா மாசம் கட்டணும். சேக்கறதுக்கு யூகன்ட்ஆம்ட்ங்கற குழந்தைங்க நல ஆபீஸ்ல கூட்ஷைன்னு ஒரு வவுச்சர் வாங்கணும், ஒன்பது மாசத்துக்கு முன்னாடியே அப்ளை பண்ணலாம், பண்ணிருங்க. இடம் பாக்கும்போது காட்டுக் கீட்டாவையும் கேளுங்க, பசங்க நாள் பூரா வெளியதான் இருப்பாங்க, மழையிலயும். எங்க அம்மா வீடியோ கால்ல பேத்திய சேறோட பாத்துட்டு ரெண்டு நாள் பேசல.

ஸ்கூல் உங்க அட்ரஸ வச்சுத்தான் ஒதுக்குவாங்க, அதனால கான்ட்ராக்ட் போடறதுக்கு முன்னாடி அந்தத் தெரு எந்த ஸ்கூல்ல வருதுன்னு பாத்துருங்க. செப்டம்பர் 30க்குள்ள ஆறு வயசு ஆகுதுன்னா அந்த வருஷமே சேக்கணும். இங்க ஆரம்பப் பள்ளி ஆறாவது வரைக்கும், மத்தியான சாப்பாடும் பசங்களோட பஸ், ட்ரெயின் டிக்கெட்டும் ஃப்ரீ.

பசங்க ஓடி ஆடினா கீழ்வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட் பண்ணுவாங்களாமே?

பெர்லின்ல 2010ல இருந்தே குழந்தைங்க போடுற சத்தத்த பொதுவா பொறுத்துக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா அது பசங்களுக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேலயும் ஞாயித்துக்கெழமையும் மிக்ஸி, ட்ரில் எல்லாம் உங்களுக்கு கெடையாது. மாவு சனிக்கெழமையே அரைச்சுருங்க.

காட்டுப்பன்னி வருமாமே, பயமா இருக்கு.

வரும். பன்னிய விட எனக்கு உண்ணிதான் பயம். பன்னி குப்பைத்தொட்டிக்கு வரும், புல்தரைய கிண்டி போட்டுட்டு போகும், கிட்ட போகாதீங்க, குட்டியோட இருந்தா அறவே வேணாம், சாப்பாடு வைக்கிறது சட்டப்படி தப்பு. உண்ணி புல்லுல இருந்து ஏறிக்கும், காட்டுக்கு போய்ட்டு வந்தா பசங்களோட முட்டிக்கு பின்னாடி, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பாக்கணும். கடிச்ச எடத்துல செவப்பு வட்டம் பரவினா டாக்டர்கிட்ட போங்க, போரெலியா நோயா இருக்கலாம், ஆரம்பத்துலயே மருந்து எடுத்தா சரியாயிரும்.

ஏரியில குளிக்க ரான்ஸ்டோர்ஃப் பக்கம் இருக்குற பீச் பசங்களுக்கு நல்லது, ரொம்ப தூரம் ஆழமே இல்ல. முன்கூட்டியே சொல்லிட்டேன், அங்க ஒரு பகுதி துணி இல்லாம குளிக்கறவங்களுக்கு, போர்டு இருக்கும். மாமனார் மாமியாரோட போகும்போது எந்தப் பக்கம் திரும்பறோம்னு பாத்து திரும்புங்க. குளிர்காலத்துல ஏரி ஒறஞ்சு ஆளுங்க நடந்து போவாங்க, நீங்க போகாதீங்க.

ப்ளைட் சத்தம் எப்படி?

புது ஏர்போர்ட் 2020 அக்டோபர்ல தொறந்ததுல இருந்து போன்ஸ்டோர்ஃப், ம்யூகல்ஹைம் பக்கம் நல்லாவே கேக்கும். ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் வழக்கமான ப்ளைட் கெடையாது, ஆனா அஞ்சு மணிக்கு அலாரம் தேவப்படாது. காத்து அடிக்கிற திசைய பொறுத்து மாறும், அதனால வீட்ட ரெண்டு வேற நாள்ல போய் வெளிய நின்னு கேளுங்க.

மறைக்காம சொல்லுங்க, அந்தப் பக்கம் ரேசிசம் ஜாஸ்தியா?

மறைக்கல. ஜெர்மனியோட பழைய தீவிர வலதுசாரி கட்சி ஒண்ணோட தலைமை ஆபீஸே ரொம்ப வருஷமா கோப்பெனிக்லதான் இருக்கு. ஏழு வருஷத்துல எனக்கு ட்ராம்ல ரெண்டு தடவ கெட்ட வார்த்த கெடச்சுருக்கு, ஒரு தடவ ஒரு பாட்டி எழுந்து அந்த ஆள எறக்கியே விட்டாங்க. ஃபுட்பால் மேட்ச் முடிஞ்சு கூட்டம் வர்ற நேரம் குழந்தையோட எஸ்-பான் ஏறாதீங்க, அது ரேசிசத்துக்காக இல்ல, நிக்க எடம் இருக்காது. பாக்கும்போது முறைப்பா இருப்பாங்க, ரெண்டாவது வருஷம் உங்க பார்சல வாங்கி வைப்பாங்க. ஆனா சிட்டிக்குள்ள இருக்குற கலகலப்பு, நம்ம ஆளுங்க கூட்டம் இங்க கெடைக்காது, அது தெரிஞ்சு வாங்க.

கோயில், கறிவேப்பில?

இலங்கைத் தமிழர்கள் கட்டின மயூரபதி முருகன் கோயில் ப்ரிட்ஸ்ல இருக்கு, 2013ல கும்பாபிஷேகம், இங்கருந்து ரொம்ப தூரமில்ல. கறிவேப்பில சிட்டிக்குள்ள போகும்போது வாங்கி ஃப்ரீசர்ல போடுங்க. தொட்டியில வளத்துப் பாத்தேன், டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டுது, செடி என்ன பண்ணும்.

ஊருக்கு மூணு மாசம் போறோம், வீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துட்டு போலாமா? இல்ல காலி பண்ணிரலாமா?

ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்காம குடுக்கக்கூடாது, மாட்டிக்கிட்டா உங்க கான்ட்ராக்டே போகும். ஒரு ரூம மட்டும் குடுக்க காரணம் இருந்தா ஓனர் சும்மா மறுக்க முடியாது, முழு வீட்டுக்கு அவர் இஷ்டம். டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விடணும்னா மாவட்ட ஆபீஸ் அனுமதி தனியா வேணும்.

காலி பண்றதா இருந்தா மூணு மாச நோட்டீஸ், பேப்பர்ல, பேனா கையெழுத்தோட. ஈமெயில், வாட்ஸாப் செல்லாது. மாசத்தோட மூணாவது வேல நாளுக்குள்ள லெட்டர் ஓனர் கையில இருக்கணும், ஒரு நாள் தள்ளினா ஒரு மாச வாடகை தண்டம். நான் நேர்ல போய் லெட்டர்பாக்ஸ்ல போட்டு, கூட வந்த ஃப்ரெண்ட சாட்சியா வச்சு போட்டோ எடுத்தேன். அப்படி மிச்சம் பண்ண ஒரு மாச வாடகையிலதான் இப்ப இருக்குற வீட்டுக்கு கிச்சனே வந்துச்சு.